மேக்க மின்னுது... சதுரகிரிக்குக் கிளம்பினோம்!

எங்கள் பக்கத்து ஆட்கள் மழையைத் தேடி அண்ணாந்து பார்ப்பதில்லை. மேற்கே பார்ப்பார்கள். ராத்திரி வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும்போது, வானத்தின் மேற்கு ஓரத்தில் சத்தமே இல்லாமல் ஒரு வெளிச்சம் வெட்டும். உடனே யாராவது ஒருவர், "மேக்க மின்னுதுப்பா" என்பார். அந்த ஒரு வார்த்தையில் விதைப்பு, கடன், கண்மாய், கல்யாணம் எல்லாமே அடங்கியிருக்கும்.

திருச்சுழிப் பக்கம் அப்படிப்பட்ட பூமி. கரிசலும் சீமைக்கருவேலமுமாய் விரிந்து கிடக்கும். மானாவாரியாய்க் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்தால்தான் வருஷம். பிடிக்காவிட்டால் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏற வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஊரின் பெயரே வெள்ளத்திலிருந்து வந்தது. பிரளய வெள்ளம் புரண்டு வந்தபோது, சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட்டு, அந்த வெள்ளத்தைச் சுழித்து உள்ளே போகச் செய்தார் என்பது தலபுராணம். அதனால் சுழியல், திருச்சுழியல், திருச்சுழி. திருமேனிநாதரும் துணைமாலையம்மையும் அருள்பாலிக்கும் இந்தக் கோயில், சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். பகவான் ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30ம் தேதி பிறந்ததும் இதே ஊரில்தான். ஊரை ஒட்டி ஓடும் குண்டாற்றுக்குப் புராணத்தில் கௌண்டின்ய நதி என்று பெயர். 'ஓடும்' என்று எழுதிவிட்டேன். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கே மணல்தான் கிடக்கும்.

"இந்த ஆத்துக்குத் தண்ணி எங்கேருந்துப்பா வருது?" என்று என் பெரியப்பா ஒருநாள் கேட்டார். எழுபது வயசு. அந்த ஆற்றில் நீச்சல் பழகியவர். ஆனால் அது பிறக்கும் இடத்தைப் பார்த்ததில்லை.

"வருசநாட்டு மலையோட கிழக்குச் சரிவுல, சாப்டூர் பக்கம் உற்பத்தியாகுது பெரியப்பா. திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியா போயி மூக்கையூர்கிட்ட கடல்ல சேருது."

"சாப்டூரா? சதுரகிரி இருக்கிற மலையில்ல அது!"

சதுரகிரிக்கு ஒரு தடவை ஏற வேண்டும் என்பது அவரது பல வருஷத்து நேர்த்தி. அன்றைக்கே முடிவாகிவிட்டது. அதுவும் மழைக்காலத்தில்தான் போக வேண்டும் என்றார். "தண்ணி வர்றப்போ பார்த்தாத்தானேப்பா பார்த்த மாதிரி!"

முதல் தடவை திரும்பி வந்தோம்

புரட்டாசி அமாவாசைக்குக் கிளம்பினோம். அருப்புக்கோட்டை, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு. அங்கிருந்து தாணிப்பாறை அடிவாரம். ராத்திரி முழுக்க மலையில் மழை. விடிந்து பார்த்தால் வனத்துறை கேட் பூட்டிக் கிடக்கிறது. "ஓடையில தண்ணி ஓடுது. இன்னிக்கு யாரையும் விட முடியாது" என்றார்கள்.

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. கோவையிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், மொட்டை போட வந்தவர்கள். "இங்கே தூறல்கூட இல்லையே, எதுக்கு நிறுத்துறீங்க?" என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். உண்மையில் எனக்கும் கோபம்தான். லீவு போட்டு வந்திருக்கிறேன். பெரியப்பா ஒருவாரமாக விரதம் வேறு.

கேட்டில் நின்ற வயதான காவலர் ஒருவர் மட்டும் குரலை உயர்த்தாமல் பேசினார். "அய்யா, 2015 மே மாசம் அமாவாசைக்கு வந்த கூட்டம் இறங்கிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு காட்டாறு வந்துச்சு. போனவங்க வீட்டுல இன்னிக்கும் அமாவாசைன்னா அழுகைதான். நீங்க திட்டிட்டுப் போங்க, பரவாயில்ல. அடுத்த மாசம் திரும்ப வந்து திட்டுங்க."

பெரியப்பா எதுவும் சொல்லவில்லை. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "நம்ம ஊர்ல மழை வரலேன்னு சாமி கும்பிடுறோம். இங்கே மழை வந்துருச்சுன்னு கேட்டைச் சாத்துறாங்க" என்று சிரித்தார்.

ஏறுவோம் வாருங்கள்

ஐப்பசியில், பிரதோஷத்தன்று மறுபடி போனோம். நாலு நாளாக மழை இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. காலை ஏழு மணிக்கு கேட்டைத் திறந்தார்கள். பைகளைச் சோதித்து பாலித்தீன் கவர்களையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். இது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. 2021ல் அறிவிக்கப்பட்ட, நாட்டின் 51வது புலிகள் காப்பகம். அதற்கு முன்பே 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் இங்கே உண்டு. யானை, காட்டுமாடு, சிறுத்தை, மிளா எல்லாம் நடமாடும் இடம். நாம் கோயிலுக்குப் போகிறோம் என்று நினைத்தாலும் நடப்பது அவற்றின் வீட்டு முற்றத்தில்தான்.

அடிவாரத்தில் ஆசீர்வாத விநாயகர். கொஞ்ச தூரத்தில் ராஜகாளியம்மன். அதுவரை பாதை சொன்னபடி கேட்கிறது. மாங்கனி ஓடையைத் தாண்டி வழுக்குப்பாறைக்கு வந்ததும் அது தன் குணத்தைக் காட்டுகிறது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மழைக்காலத்தில் பாறைமேல் மெல்லிசாகப் பச்சைப் பாசி படிந்துவிடும். பார்த்தால் காய்ந்த பாறை மாதிரியே இருக்கும். கால் வைத்தால்தான் தெரியும். பெரியப்பா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "வெறுங்காலுக்குத்தான்யா கண்ணு இருக்கு" என்றார். உழவு மண்ணில் ஊறிய கால். நான் போட்டிருந்த விலை உயர்ந்த ஷூ இரண்டு இடங்களில் சறுக்கியது. அவர் ஒரு இடத்திலும் சறுக்கவில்லை.

சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். நாவல் ஊற்றில் முகம் கழுவியபோது, பல் கூசுகிற குளிர்ச்சி. பச்சரிசிப்பாறை ஏற்றத்தில் மூச்சு இறைத்தது. பத்து நிமிஷம் நடை, இரண்டு நிமிஷம் நிற்பு என்று பெரியப்பா ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். உட்கார மாட்டார். "உட்கார்ந்தா கால் கேட்காது." வேகமாக எங்களைத் தாண்டிப் போன கல்லூரிப் பையன்கள் நாலு பேர் அடுத்த திருப்பத்தில் நாக்குத் தள்ள உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அவர்களைக் கடப்போம். மறுபடி அவர்கள் எங்களைக் கடப்பார்கள். இப்படியே பிலாவடிக் கருப்பசாமி கோயில் வரை ஆடு புலி ஆட்டம்தான்.

மழைக்குப் பிறகான காட்டை எப்படிச் சொல்வது? கரிசலில் வளர்ந்தவனுக்கு 'பச்சை' என்றால் ஒரே நிறம்தான். இங்கே அதில் இருபது விதம் இருந்தது. எங்கே காது வைத்தாலும் தண்ணீர்ச் சத்தம். பாறைக்கு அடியில், வேருக்கு இடையில், கண்ணுக்குத் தெரியாமல் அது போய்க்கொண்டே இருக்கிறது. பெரியப்பா ஒரு பாறையில் கசிந்த நீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். விபூதி மாதிரி!

மூன்று ஆறுகளின் கூரை

பதினொன்றரை மணிக்கு சுந்தர மகாலிங்கம் சந்நிதி. மூவாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில், சுற்றிலும் மலைகள் சூழ்ந்த இடம். சுயம்பு லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்தபடி இருக்கும். பசுவின் மடியிலிருந்து பால் குடித்த சாமியாரை, பச்சைமால் என்ற இடையன் ஆத்திரத்தில் கம்பால் அடித்துவிட்டான். அடிபட்டவர் சிவனே என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இந்தச் சாய்வு என்கிறது இந்த மலையின் கதை. மேலே இன்னும் கொஞ்சம் ஏறினால் சந்தன மகாலிங்கம்.

சதுரகிரி என்ற பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் அழகானது. கிழக்கே இந்திரகிரி, வடக்கே குபேரகிரி, தெற்கே ஏமகிரி, மேற்கே வருணகிரி. நாலு திசையிலும் நாலு மலை. இதைச் சொன்னதும் பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "மேக்க வருணகிரியா? அப்ப நாம இத்தனை வருஷமா சரியான திசையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்!"

அங்கே பூஜைக்கு உதவியாக இருந்த ஒருவரிடம் எங்கள் குண்டாற்றைப் பற்றிக் கேட்டார். அவர் கையை நீட்டி நீட்டி விளக்கினார். நாங்கள் ஏறி வந்த தாணிப்பாறைப் பக்கத்துத் தண்ணீர் வத்திராயிருப்புப் பக்கம் இறங்கி, அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றில் சேர்கிறது. மேற்கே வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் விழுவது வைகைக்குப் போகிறது. வடகிழக்கே சாப்டூர்ச் சரிவில் விழுவதுதான் குண்டாற்றுக்கு. ஒரே மலைத்தொடரில், ஒரே மேகத்திலிருந்து விழும் துளிகள் சில அடி தள்ளி விழுந்தால் வேறு வேறு ஊருக்குப் போய்விடும்.

பெரியப்பாவுக்கு இது பெரிய ஏமாற்றம். "அப்ப நான் காலையிலேருந்து தொட்டுத் தொட்டுக் கும்பிட்ட தண்ணி நம்ம ஊருக்கு வராதா?"

"வராதுங்கய்யா. அது சாத்தூர்க்காரங்களுக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, போகட்டும். அவுகளும் காய்ஞ்ச ஆளுகதானே" என்றார்.

வெயிலில் வந்த வெள்ளம்

ஒரு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். நல்ல வெயில். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குப் பெரிய சோதனை. நாலு மணி வாக்கில் மாங்கனி ஓடையை நெருங்கியபோது, முன்னால் முப்பது, நாற்பது பேர் கூட்டமாக நிற்பது தெரிந்தது. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை அது.

எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் ஓடை பால் ஊற்றாத டீ நிறத்தில் இருந்தது. காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. அந்தப் பல்லவி மாதிரியான காலைச் சத்தம் போய், அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் இருந்த ஒரு கல் மறைந்தது. பின்னால் உச்சியைப் பார்த்தால், கோயிலுக்கும் அப்பால் கருமேகம் குடை கவிழ்த்த மாதிரி நின்றிருந்தது.

அக்கரையில் அடிவாரம் பக்கம்தான். அங்கே நிற்கிறவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிகிறது. அதுதான் ஆபத்து. காலையிலிருந்து எங்களோடு விளையாடிய அந்த நாலு பையன்களில் ஒருவன் பேன்ட்டை மடித்துவிட்டான். "இடுப்பளவுதான் இருக்கும்ணே. கையைக் கோத்துக்கிட்டுப் போயிரலாம். ஆறு மணிக்கு பஸ்." எனக்குள்ளும் அதே எண்ணம்தான் ஓடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரியப்பா அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, நான் ஆத்துல நீச்சப் பழகுனவன். தண்ணி எவ்வளவு ஆழம்னு பார்க்காதே. எவ்வளவு வேகம்னு பாரு. அடியில கல்லு உருளுற சத்தம் கேக்குதா?" அவன் உன்னிப்பாகக் கேட்டான். கேட்டது. கடகடவென்று, இரும்புப் பெட்டிக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி. "அந்தக் கல்லு உன் காலுக்கு வந்தா?"

பையன் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டான்.

அதற்குள் வனத்துறைக்காரர்களும் அக்கரைக்கு வந்துவிட்டார்கள். யாரும் இறங்க வேண்டாம் என்று சைகை காட்டினார்கள். எல்லோரும் ஓடையை விட்டு மேட்டுக்கு ஏறி உட்கார்ந்தோம். யாரோ முறுக்கு எடுத்தார்கள். நாங்கள் கொண்டுபோன வறுத்த கடலையும் கருப்பட்டியும் கை மாறியது. ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூங்கவைக்கத் தாலாட்டு பாட ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, மறைந்த கல் மறுபடி தலைகாட்டியது. இன்னும் கொஞ்சம் காத்திருந்து, இருகரையிலும் மரத்தில் கயிற்றைக் கட்டி, ஒவ்வொருவராகக் கடக்கவிட்டார்கள். குழந்தைகளை அவர்களே தோளில் தூக்கிக்கொண்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். பஸ் போயிருந்தது. ஆள் இருந்தோம்.

ஏன் இப்படி நடக்கிறது?

மலையோடை நம் ஊர் ஆறு மாதிரி இல்லை. நம் ஆற்றில் விழும் மழையை மணல் குடிக்கும், கண்மாய் பிடிக்கும். மிச்சம்தான் ஓடும். மலையில் பாறையும் செங்குத்துச் சரிவும்தான். பல சிறு ஓடைகள் ஒரே இடுக்கில் வந்து சேர்கின்றன. மேலே அரைமணி நேரம் கொட்டினால், அத்தனையும் கீழே ஒரே வழியில் வந்தாக வேண்டும். அடிவாரத்தில் வெயில் அடிப்பதற்கும் ஓடையில் வெள்ளம் வருவதற்கும் சம்பந்தமே இல்லை.

உயரம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. 2013 ஜூனில் கேதார்நாத்தில் ஆயிரக்கணக்கானோர் பலியானதும், 2022 ஜூலையில் அமர்நாத் குகைக்கு அருகே கூடாரங்களை வெள்ளம் அடித்துப் போனதும் இதே கதையின் பெரிய வடிவங்கள்தான். இமயமானாலும் சதுரகிரியானாலும் மழைக்காலத்து மலையில் தண்ணீருக்குத்தான் முதல் மரியாதை.

மழைக்காலத்தில் போகிறீர்களா?

* கிளம்பும் முன் அன்றைக்கு மலையேற அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி நாட்களும் நேரமும் மாறும். மழை பெய்தால் கடைசி நிமிஷத்திலும் ரத்தாகும்.

* விடியற்காலையில் ஏறி, மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும்.

* ஓடையில் தண்ணீர் கலங்கினாலோ, இலை, சுள்ளி மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஓடைக்குள் நின்று செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

* இடி, மின்னல் இருந்தால் தனி மரத்தடியிலும் மொட்டைப் பாறை உச்சியிலும் நிற்காதீர்கள்.

* ரெயின்கோட், டார்ச், மாற்றுத்துணி, கொஞ்சம் தின்பண்டம், ஒரு ஊன்றுகோல் போதும். குடை கையை அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

* இதய நோய், மூச்சுத்திணறல், முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

* எல்லாவற்றையும்விட முக்கியமாக, திரும்பி வரவும் தயாராகப் போங்கள். பூட்டிய கேட்டும் ஒரு தரிசனம்தான்.

பிறகு...

ஊர் வந்து சேர்ந்ததும் பெரியப்பா முதலில் குண்டாற்றைப் போய்ப் பார்த்தார். மணல்தான் கிடந்தது. மலையில் அத்தனை தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

கார்த்திகை பாதியில் ஒருநாள் அதிகாலை போன் வந்தது. பின்னணியில் காற்றும் ஆட்களின் பேச்சும் கேட்டன.

"தம்பி, ஆத்துல தண்ணி வந்துருக்குப்பா. முழங்காலுக்குத்தான். செவசெவன்னு கலங்கி வருது."

"எங்கே பெரியப்பா நிக்கிறீங்க? தண்ணிக்குள்ளயா?"

"சேச்சே! கரையிலதான். மேட்டுலதான் நிக்கிறேன்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்ம பக்கத்துச் சரிவுலயும் பெஞ்சிருக்கு போலப்பா."